பெப்ரவரி 30: மாயக்கதைகளின் காலக்கணக்கில் வாசகர்கள் விடும் தவறுகள்

ஹற்றனில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை ஏழெட்டுப் பேர் கூடி, வாசித்த மாயக்கதைகளைப் பற்றிக் கதைப்போம். மழை விடாமல் பெய்த ஒரு நாளில், உயர்தரம் படிக்கும் தங்கச்சி ஒருத்தி பெரிய கொப்பி ஒன்றை மேசையில் விரித்தாள். அவளுடைய அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. தொழிலாளர் வருகையைப் பதியும் செக்ரோலுக்குக் கோடு போடுகிற மாதிரியே போட்டிருந்தாள். இடது ஓரத்தில் ஃபுரோடோ, சாம், அரகோர்ன் என்று பேர்கள். மேலே 1 முதல் 31 வரை தேதி. யார் எந்த நாள் எங்கே நின்றார்கள் என்று கட்டத்துக்குக் கட்டம் பென்சில் எழுத்து. டோல்கினின் 'த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' கதையையே செக்ரோலில் ஏற்றி வைத்திருந்தாள்.

"அண்ணா, டோல்கினே பிழை விட்டிருக்காருங்க. பின்னால இருக்கிற கால அட்டவணையில பெப்ரவரி 30ன்னு கிடக்கு."

அச்சுப்பிழையாக இருக்கும் என்றுதான் மூன்று பேர் உடனே சொன்னோம். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் விட்ட தவறு அது. டோல்கின் படைத்த ஷயர் நாட்டில் மாதம் ஒவ்வொன்றுக்கும் சரியாக 30 நாள். பன்னிரண்டு மாதத்துக்கு 360 போக, மிச்சம் 5 நாளும் எந்த மாதத்திலும் சேராது. நடுக்குளிரில் இரண்டு, நடுக்கோடையில் மூன்று என்று தனியே நிற்கும். அந்த நாட்காட்டியை அதே நூலின் பின்னிணைப்பில் அவர் விளக்கியும் இருக்கிறார். பெப்ரவரி 30 அங்கே உண்மையான நாள். அன்றைக்குத்தான் மரமனிதர்களான என்ட்டுகளின் மாநாடு தொடங்குகிறது. அவள் ஒன்றும் பேசாமல் சிவப்புப் பேனாவை எடுத்து, 31ஆம் தேதிக் கட்டத்தை மேலிருந்து கீழ்வரை கோடு போட்டு அடித்தாள்.

நம்முடைய நாட்காட்டியை இன்னொரு உலகத்தின் மேல் வைத்து அளப்பது காலக்கணக்குப் பார்ப்பவர்கள் செய்யும் முதல் தவறு. மலையகத்தில் வளர்ந்த நமக்கு இது எளிதாக விளங்க வேண்டும். வீட்டில் மாசி, பங்குனி, பள்ளிக்கூடத்தில் பெப்ரவரி, மார்ச், விடுமுறைக்குப் பௌர்ணமிதோறும் வரும் போயா. "காமன் கூத்து முடிஞ்ச மறுவாரம் நீ பொறந்த" என்று அப்பாயி சொன்னால், அதை அப்படியே பெப்ரவரி என்று படிவத்தில் எழுத முடியாது. மாசி பிறப்பதே பெப்ரவரி நடுவில்தான். 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' கதையின் ஆசிரியர் மார்ட்டின் எழுதும் உலகத்தில் ஒரு கோடை பல வருடம் நீடிக்கும். அங்கே 'போன கோடை' என்று ஒருவர் சொன்னால் எத்தனை வருடத்துக்கு முந்தியது என்று கதைக்குள்ளேதான் தேட வேண்டும்.

நிலவு வேறு விஷயம். முழு நிலவுக்கும் அடுத்த முழு நிலவுக்கும் இடையில் இருபத்தொன்பதரை நாள். கதையில் வருவது நம்முடைய நிலவுதான் என்றால் இந்தக் கணக்கு மாறாது. மாதம் தவறாமல் போயா விடுமுறையைப் பார்த்துப் பழகிய நம் வாசகர்களுக்கு இங்கே ஒரு தனிக் கண் உண்டு. ஒரு அத்தியாயத்தில் பௌர்ணமி, பத்து நாள் கழித்து மறுபடி பௌர்ணமி என்றால் நம்முடைய ஆட்கள் உடனே பிடித்துவிடுவார்கள். டோல்கினும் இதைப் பிடித்தார், தன்னுடைய கையெழுத்துப் பிரதியிலேயே. 1944 மே மாதம் மகனுக்கு எழுதிய கடிதத்தில், கதையின் முக்கியமான நாட்களில் நிலவு நடக்க முடியாத காரியங்களைச் செய்கிறது, ஒரு பக்கம் உதிக்கும் நேரத்திலேயே இன்னொரு பக்கம் மறைகிறது என்று சொல்லி, பழைய அத்தியாயங்களைத் திருத்தவே ஒரு பிற்பகல் முழுக்கப் போய்விட்டது என்கிறார். இந்தக் கடிதத்தைப் பற்றி அறிந்த பிறகு, எழுத்தாளர் கவனமே இல்லாமல் எழுதிவிட்டார் என்று சட்டென்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

கையில் இருப்பது எந்தப் பதிப்பு?

எங்கள் குழுவில் மிகச் சூடான சண்டை நடந்தது ஹரி பொட்டர் முதல் நூலை வைத்து. தலையறுந்தும் அறாத நிக் என்ற ஆவி, தான் சாப்பிட்டுக் கிட்டத்தட்ட நானூறு வருடம் ஆகிறது என்று சொல்வதாக ஒருவர் வாதாடினார். ஐந்நூறு என்றார் அடுத்தவர். இரண்டு பேரும் புத்தகத்தைத் திறந்து ஒரே இடத்தில் விரல் வைத்தார்கள். இரண்டு பேர் சொன்னதும் சரியாக இருந்தது. பழைய அச்சில் நானூறு, பிறகு வந்த அச்சில் ஐந்நூறு. ஏன் மாறியது என்றால், 1998இல் வந்த இரண்டாம் நூலில் நிக்கின் ஐந்நூறாவது இறந்த நாள் கொண்டாடப்படுகிறது. அவர் இறந்தது 1492 ஒக்டோபர் 31. அதற்குப் பிறகு நானூறு பொருந்தாது, திருத்திவிட்டார்கள். 2000இல் வந்த நான்காம் நூலிலும் இப்படித்தான். மந்திரக்கோலிலிருந்து ஹரியின் இறந்த பெற்றோர் நிழலுருவாக வெளிவரும் வரிசை முதல் அச்சுகளில் தலைகீழாக இருந்தது, பின்னர் சரி செய்யப்பட்டது.

பழைய புத்தகக் கடையிலும் நடைபாதையிலும் வாங்கி வாசிப்பவர்கள் நாங்கள். எங்கள் கையில் கிடைப்பது பெரும்பாலும் பழைய அச்சுதான். நான் ஒரு தடவை வெளிநாட்டு எழுத்தாளர் ஒருவருக்குப் பதினொரு பிழைகளைப் பட்டியல் போட்டு எழுதினேன். பதில் வரவில்லை. இரண்டு வருடம் கழித்துப் புதிய அச்சு கைக்குக் கிடைத்தது. பதினொன்றில் ஆறு ஏற்கெனவே திருத்தப்பட்டிருந்தன. அந்தக் கடிதத்தை நினைத்தால் இன்றைக்கும் மனம் கூசுகிறது. தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பார்த்து எந்த வருடத்து அச்சு என்று தெரிந்துகொள்ள அரை நிமிடம் போதும்.

திருத்தப்படாமல் கிடக்கும் பிழைகளும் உண்டு, அவற்றைச் சொல்லத் தயங்க வேண்டாம். 1492ஐ வைத்துக் கணக்குப் பார்த்தால் ஹரியின் பெற்றோர் இறந்தது 1981 ஒக்டோபர் 31. கடைசி நூலில் கல்லறையிலும் அந்தத் தேதிதான் இருக்கிறது. அது சனிக்கிழமை. ஆனால் அதற்கு மறுநாள் தொடங்கும் முதல் நூலோ அந்த நாளைச் செவ்வாய்க்கிழமை என்கிறது. இதைக் கண்டுபிடிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: 1997இல் முதல் நூல் வந்தபோது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருடமே கிடையாது. வருடம் அடுத்த நூலில்தான் வந்து சேர்ந்தது. நான்காம் நூலில், 1994 கோடையில் டட்லி தன் பிளேஸ்டேஷனை ஜன்னல் வழியே வீசுகிறான். அந்த விளையாட்டுப் பெட்டி ஜப்பானிலேயே 1994 டிசம்பரில்தான் விற்பனைக்கு வந்தது. இது தெளிவான பிழை. கதைக்கு ஒரு கீறலும் விழவில்லை. எல்லாப் பிழைக்கும் ஒரே எடை போடுவது சரியில்லை என்பது என் எண்ணம். கதையின் முடிச்சு அவிழும் இடத்தில் தேதி பிசகினால் கேள்வி கேட்கலாம், விளையாட்டுப் பெட்டிக்குக் கேட்க வேண்டியதில்லை.

சொல்வது யார்?

தோட்டத்துப் பெரியவர்களிடம் ஒரு சம்பவத்துக்கு வருடம் கேட்டால், எந்தத் துரை இருந்த காலம் என்று சொல்வார்கள். இரண்டு பேர் இரண்டு துரையைச் சொல்வார்கள். பாத்திரங்களும் அப்படித்தான். பாத்திரத்தின் வாயிலிருந்து வருவதை ஆசிரியரின் வாக்குமூலமாக எடுத்துக்கொள்வது இன்னொரு பெரிய தவறு. மார்ட்டினின் நூல்களில் சான்சா என்ற பெண், முன்பு ஒருவன் தன்னை முத்தமிட்டதாகப் பிறகு நினைத்துக்கொள்கிறாள். பின்னால் புரட்டிப் பார்த்தால் அந்த இரவில் முத்தமே இல்லை. அவளுடைய நினைவு பிசகுகிறது, அது வேண்டுமென்றே எழுதியது என்று மார்ட்டின் வாசகர்களுக்குச் சொல்லியிருக்கிறார். அதே மார்ட்டின், ஒரு குதிரை ஒரு இடத்தில் ஆணாகவும் இன்னொரு இடத்தில் பெண்ணாகவும் இருப்பது தன் பிழைதான் என்றும் ஒத்துக்கொண்டவர். ஒரே ஆசிரியரிடம் இரண்டும் இருக்கின்றன. ஆகவே ஒரு முரண் கண்ணில் பட்டால், யாருடைய பார்வையில் அந்த அத்தியாயம் ஓடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

அத்தியாயங்கள் வரும் வரிசையிலேயே நாட்களும் நகர்கின்றன என்று நம்புவதும் ஆளை ஏமாற்றும். மார்ட்டினின் நான்காம் நூல் 2005இலும் ஐந்தாம் நூல் 2011இலும் வந்தாலும், ஐந்தாவதின் பெரும்பகுதி நான்காவது நடக்கும் அதே காலத்தில் வேறு ஊர்களில் நடப்பது. ரொபர்ட் ஜோர்டன் 2007இல் காலமான பின் அவருடைய 'த வீல் ஒஃப் டைம்' தொடரை பிரண்டன் சாண்டர்சன் முடித்துக் கொடுத்தார். அதில் 2009இல் வந்த நூலில் மகனிடம் போய்ச் சேர்ந்துவிட்ட டாம் என்ற பெரியவர், 2010இல் வந்த நூலில் இன்னொருவருடைய முகாமில் இன்னும் இருக்கிறார். செத்தவன் பிழைத்து வந்த மாதிரி வாசகர்கள் திகைத்தார்கள். இரண்டாவது நூலின் ஒரு கிளை பின்தங்கித் தொடங்குகிறது, அவ்வளவுதான்.

படம் பார்த்துவிட்டு நூலைக் குறை சொல்பவர்களுக்கு ஒரு வரி போதும்: 'த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' நூலில் பில்போவின் பிறந்தநாள் விருந்துக்கும் ஃபுரோடோ ஊரை விட்டுப் புறப்படுவதற்கும் இடையில் 17 வருடம், படத்தில் அது தெரியவே தெரியாது.

இதில் நம் நாட்டோடு சேர்ந்த ஒருவரைச் சொல்ல வேண்டும். 1956இலிருந்து இலங்கையில் வாழ்ந்து 2008இல் இங்கேயே காலமான ஆர்தர் சி. கிளார்க் எழுதியது அறிவியல் புனைவு என்றாலும், இந்தத் தவறுகளுக்கு அவரைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அவருடைய 1968 நாவலில் விண்கலம் சனிக்கோளுக்குப் போகிறது. அதே கதையின் படத்தில் வியாழனுக்கு. 1982இல் வந்த அடுத்த நாவல், படத்தைப் பின்பற்றி வியாழனிலிருந்து தொடர்கிறது. 1979இல் வந்த இன்னொரு நாவலில் நம்முடைய சிவனொளிபாதமலை வேறு பெயரில் வருகிறது, நாடே பூமத்திய ரேகைக்கு நகர்ந்து கிடக்கிறது. வாசலில் நின்றால் மலை தெரியும் மஸ்கெலியாக்காரர் ஒருவர், பூகோளம் தெரியாமல் எழுதியிருக்கிறார் என்று கோபப்பட்டார். தீவைச் சுமார் 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தியதை ஆசிரியரே நூலில் சொல்லியிருக்கிறார். முன்னுரை, பின்னுரை, ஆசிரியர் குறிப்பு எதையும் தாண்டிப் போகாதீர்கள்.

ஆசிரியரிடம் போகும்போது

கேட்டால் சொல்வார்கள் என்று எண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிடக் கூடாது. கதையில் இனி வரப்போவதைக் கேட்டவர்களுக்கு ஜோர்டன் வைத்திருந்த பதில், 'வாசித்துத் தெரிந்துகொள்ளுங்கள்' என்பதே. சாண்டர்சனும் அதையே பிடித்துக்கொண்டார். அடுத்த நூல் எப்போது என்று திரும்பத் திரும்ப நெருக்குவது அதைவிட மோசம். மார்ட்டின் நூலை முடிக்காமலே இறந்துவிடுவார் என்று அவர் காதுபடவே சொன்னவர்கள் இருக்கிறார்கள். வயதான மனிதரிடம் எந்த வீட்டுப் பிள்ளையும் சொல்லக் கூடாத சொல் அது.

எழுதுவதாக இருந்தால் ஒரு கடிதத்தில் ஒரு கேள்வி, எந்தப் பதிப்பு, எந்த அத்தியாயம், பக்கம். உங்களுடைய சொந்தக் கதையையோ அடுத்த நூலுக்கான யோசனையையோ கூடவே வைக்காதீர்கள்; பல எழுத்தாளர்கள் அப்படிப்பட்டதைத் திறந்தே பார்க்க மாட்டார்கள். கவனமாக வாசிப்பவர்களை எழுத்தாளர்கள் மதிக்கத்தான் செய்கிறார்கள். மார்ட்டினின் உலகத்தைத் துருவித் துருவி வாசித்த எலியோ கார்சியா, லிண்டா அன்டோன்சன் என்ற இரண்டு வாசகர்கள் 2014இல் அவரோடு சேர்ந்து அந்த உலகத்தின் வரலாற்று நூலையே எழுதினார்கள்.

ஒரு முரணை எழுத்தாளர் என்னவாக மாற்ற முடியும் என்பதற்கு டோல்கினின் முந்திய கதையான 'த ஹொபிட்' போதும். 1937 முதற்பதிப்பில், மோதிரத்தை வைத்திருக்கும் கொல்லம் என்ற பாத்திரம் வாக்குத் தவறாதவன். பில்போவோடு நடக்கும் விடுகதைப் போட்டியில் தோற்றால் மோதிரத்தைப் பரிசாகத் தருவதாகச் சொல்கிறான். தோற்றதும் தேடுகிறான், காணவில்லை, மன்னிப்புக் கேட்டு பில்போவுக்கு வெளியே போக வழி காட்டுகிறான். அடுத்த கதையை எழுதும்போது அந்த மோதிரம் யாரும் மனமுவந்து விட்டுக்கொடுக்க முடியாத கொடிய பொருளாக வளர்ந்துவிட்டது. டோல்கின் அத்தியாயத்தை மாற்றி 1947இல் பதிப்பாளருக்கு மாதிரியாக அனுப்பினார். 1951 பதிப்பில் அதுவே அச்சானது. பழைய பதிப்பை வாசித்தவர்களுக்கும் அவர் ஒரு வழி வைத்தார். மோதிரம் தனக்கே உரியது என்று காட்டிக்கொள்ள பில்போ சொன்ன பொய்தான் அந்தப் பழைய கதை. மோதிரம் கைக்கு வந்த உடனேயே அவரைக் கெடுக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அந்தப் பொய்யே அடையாளமாகிவிட்டது.

இதை நான் எங்கள் குழுவிலேயே பார்த்தேன். மஸ்கெலியாத் தம்பி ஒருவன் தமிழில் மாயக்கதை எழுதுகிறான். மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிப்போன பழைய ஊரும் அங்கே இருந்த கோயிலும்தான் களம். ஆடி மாதம் நீர் இறங்கி, கோயில் வெளியே தெரிய, ஒரு பெண் அதற்குள் நடந்து போகிறாள். அவன் வாசித்து முடிக்கவில்லை, மூத்தவர் ஒருவர் குறுக்கிட்டார். "ஆடியில அங்க மழை கொட்டும்டா தம்பி. தண்ணி இறங்குறது மாசி, பங்குனியிலதானே? தப்பு." அவன் கொப்பியை மூடினான். இரண்டு மாதம் வரவில்லை.

பஸ் நிலையத்தில் அவனைக் கண்டபோது நான் கேட்டேன்: "தம்பி, அந்த ஆடியில தண்ணி ஏன் இறங்குச்சு?"

அவன் உடனே பதில் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் புது அத்தியாயத்தோடு வந்தான். அந்த வருடமும் மழை பெய்கிறது, ஓடையெல்லாம் நிறைகிறது, ஆனால் தண்ணீர் பழைய ஊரின் எல்லைக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. ஊரை விட்டுப் போனவர்களில் ஒருத்தி திரும்பி வந்திருக்கிறாள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. தப்பு என்று சொன்ன மூத்தவர்தான் அதைத் திரும்பவும் வாசிக்கச் சொன்னார்.

வாசித்து முடித்ததும் கணக்கப்பிள்ளையின் மகள் கொப்பியை இழுத்து, புதுப் பக்கத்தில் கோடு போட்டாள். ஆடி என்று மேலே எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"அண்ணா, அவ கோயிலுக்குள்ள போன அன்னைக்குப் போயாவா?"

"இரு தங்கச்சி, பார்த்துச் சொல்றேன்," என்றான். அவள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, அடுத்ததை நிரப்பத் தொடங்கினாள்.