மதுரையில் இறங்கும்போது வந்த காதுவலி: என் அனுபவம்

போன மார்கழியில் சளியோடு சென்னையிலிருந்து மதுரைக்கு விமானம் ஏறினேன். இறங்கத் தொடங்கியதும் வலது காதில் ஊசி குத்தியது போல் வலி. வீடு சேர்ந்து இரண்டு நாள் கழித்தும் காது அடைத்தே கிடந்தது.

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தத்தை அதிகபட்சம் 8,000 அடி மலையில் இருக்கும் அளவுக்கு வைத்திருப்பார்கள் என்றார். ஏறக்குறைய நம்ம கொடைக்கானல் மாதிரி. காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான். அழுத்தம் குறைவதால் மூச்சுக்குக் கிடைப்பதில் கால் பங்கு வரை குறையும். நல்ல உடம்பு தாங்கிக்கொள்ளும். இதயம், நுரையீரல் நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறவே கூடாது.

என் தொல்லை இறங்கும்போதுதான். வெளியழுத்தம் கூடக்கூட, மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் திறந்து காற்றை உள்ளே விட வேண்டும். சளியில் அது வீங்கியிருந்தால் செவிப்பறை உள்ளே இழுபடும். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது காது அடைப்பதும் இதனால்தான்.

அடுத்த பயணத்தில், இறங்குவதற்கு அரைமணி நேரம் முன்பே டாக்டர் எழுதித்தந்த மூக்குச் சொட்டு மருந்தை விட்டேன். தூங்கவில்லை, தூக்கத்தில் எச்சில் விழுங்குவது குறைந்துவிடும். மிட்டாய் சப்பினேன். அப்புறம் மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊதினேன். பலமாக ஊதினால் செவிப்பறைக்கு ஆபத்து. 'டப்' என்று காது திறந்தது. பக்கத்தில் அழுத கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கச் சொன்னேன். குடிக்கக் குடிக்க அழுகை அடங்கியது.