புடாபெஷ்ட்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு நாள் வழிகாட்டி

நாம் ‘புடாபெஸ்ட்’ என்கிறோம். ஹங்கேரிக்காரர்கள் ‘புடாபெஷ்ட்’ என்பார்கள். 1873 வரை அது ஒரே ஊராகவும் இருக்கவில்லை. புடா, ஓபுடா, பெஷ்ட் என்ற மூன்றையும் அந்த ஆண்டில்தான் இணைத்தார்கள். அதனால் சுற்றுலா இடங்களின் பட்டியலை மூடி வைத்துவிட்டு ஆற்றங்கரைக்கு வாருங்கள்.

படி 1: டான்யூப் ஆறு இங்கே வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. நீர் போகும் திசையைப் பார்த்து நில்லுங்கள். வலக்கைப் பக்கம் குன்றும் மேடுமாக இருப்பது புடா, இடக்கைப் பக்கச் சமவெளி பெஷ்ட். இனி வழி தவறாது.

படி 2: பெஷ்ட் கரையிலிருந்து சங்கிலிப் பாலத்தை நடந்தே கடந்து செல்லுங்கள். முன்பு இங்கே படகுகளைக் கோத்த மிதவைப் பாலம்தான் இருந்தது. குளிர்காலத்தில் அதையும் பிரித்துவிடுவார்கள். பனிக்கட்டி மிதந்து வந்தால் அக்கரை போக முடியாது. 1849இல் இந்தப் பாலம் திறந்தது. சட்டம் சேர்ப்பதற்கு 24 ஆண்டுகள் முன்பே ஊரைச் சேர்த்தது இதுதான் என்பேன். 1945 ஜனவரியில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை இதைத் தகர்த்தது. 1949இல் மீண்டும் திறந்தார்கள். பாலத்து முனைகளில் உள்ள கற்சிங்கங்களுக்குச் சிற்பி நாக்கு வைக்க மறந்துவிட்டார் என்று யாராவது கதை சொன்னால் நம்பாதீர்கள். நாக்கு உண்டு, கீழே இருந்து பார்த்தால் தெரியாது.

படி 3: அக்கரையில் 1870இல் தொடங்கிய இழுவை ரயில் குன்றின் மேல் ஏற்றிவிடும். வரிசை நீளமாக இருந்தால் நடந்தே ஏறலாம். மேலே மீனவர் கொத்தளத்தைப் பழங்காலக் கோட்டை என்று எண்ணிவிடாதீர்கள். 1902இல் கட்டி முடித்த அலங்கார மாடம் அது. ஆனால் எதிர்க்கரையின் நாடாளுமன்றத்தை முழுசாகப் பார்க்க இங்கேதான் நிற்க வேண்டும். அதன் குவிமாடம் 96 மீட்டர். மஜ்யார்கள், அதாவது ஹங்கேரியர்களின் முன்னோர், இந்த மண்ணுக்கு வந்ததாகக் கொள்ளப்படும் 896ஐ நினைவூட்டும் எண் அது.

படி 4: பெஷ்டுக்குத் திரும்பி, ஆற்றோரமாகப் போகும் 2ஆம் எண் டிராமில் ஏறுங்கள். காகித டிக்கெட் என்றால் உள்ளே இருக்கும் எந்திரத்தில் முத்திரையிட வேண்டும். வாங்கினால் மட்டும் போதாது.

படி 5: நாடாளுமன்றத்தில் இறங்கி, நீரோட்டத்தோடு தெற்கே சற்று நடந்தால் கரை விளிம்பில் 60 ஜோடி இரும்புக் காலணிகள். 1944-45இல் ஹங்கேரியின் நாஜி ஆதரவுக் கட்சியான அம்புச் சிலுவைக் கட்சியினர் யூதர்களைக் காலணிகளைக் கழற்றச் சொல்லி, சுட்டு ஆற்றில் தள்ளினார்கள். நினைவுச்சின்னம் 2005இல் வைக்கப்பட்டது. பெண்களுடையவை, ஆண்களுடையவை, குழந்தைகளுடையவை எல்லாம் இருக்கின்றன. சிலவற்றுக்குள் யாரோ பூ வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.