பல்லவி மறந்த பாட்டைப் பிடித்த விதம்

இளவயதில் உயிராகக் கேட்ட பாடல்கள் பல, எனக்குப் பெயரே தெரியாமல் போயிருந்தன. சரணத்தில் ஓரிரு சொல், நடுவில் வரும் புல்லாங்குழல் துணுக்கு, அவ்வளவுதான் மிச்சம். பல்லவி தெரியாமல் எதை டைப் செய்து தேடுவது?

முதலில் கைகொடுத்தது கூகுள் செயலி. மெட்டை முணுமுணுத்துத் தேடும் வசதி அதில் 2020-இல் வந்தது. பத்துப் பதினைந்து விநாடி போதும், சுதி கொஞ்சம் விலகினாலும் பரவாயில்லை. அரைகுறைச் சொற்களை விட்டுவிட்டு வெறும் ‘தன னன னா’ என்று பாடியபோதுதான் எனக்குச் சரியான பாட்டு வந்தது. பாட்டைக் கண்டுபிடித்துத் தரும் ஷாஸாம் செயலி இந்த வேலைக்கு ஆகாது. அது ஒலிக்கிற பதிவை ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பது.

ஆனால் மற்ற பாடல்களைக் கொண்டுவந்தது கேசட்தான். 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு அரைமணி, பாட்டுகள் எப்போதும் ஒரே வரிசையில். அந்த வரிசை மனதில் அப்படியே பதிந்திருக்கிறது! கிடைத்த பாட்டைக் கடைசிவரை கேட்டு, செயலி தானாக அடுத்ததைப் போடாதபடி ஆட்டோபிளேயை அணைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். சில நொடிகளில் அடுத்த பாட்டின் தொடக்க இசை தானே உள்ளே ஓட ஆரம்பித்தது. உடனே அதை முணுமுணுத்துப் போனில் பதிவு செய்துகொள்ள வேண்டும். இடையில் வேறு பாட்டு காதில் விழுந்தால் போச்சு.

கிடைத்தவற்றில் மறுபதிவுகளும் இருந்தன. குரல் அதேதான், தாளம் வேறு. அவற்றை ஒதுக்கிவிட்டுப் பழைய பதிவையே தேடிப் பட்டியலில் சேர்த்தேன்.