பச்சை ஜோடிக்கு நீலக் குஞ்சு: லவ் பேர்ட்ஸ் நிறத்தைப் பின்னோக்கிக் கணக்கிடும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் லவ் பேர்ட்ஸ் என்று நாம் கூண்டில் வளர்ப்பது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட பட்ஜெரிகர் என்னும் சிறு கிளியைத்தான். பச்சை ஆணும் பச்சைப் பெண்ணும் அடைந்த பானையிலிருந்து நீலக் குஞ்சோ, சிவப்புக் கண் கொண்ட மஞ்சள் குஞ்சோ வெளிவந்தால், ஜோடியை விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றோ வேறு ஆண் சேர்ந்துவிட்டது என்றோ புதிதாக வளர்ப்பவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டும் காரணமல்ல. பெற்றோர் வெளியில் காட்டாமல் சுமந்துவந்த மரபணு குஞ்சில் வெளிப்பட்டிருக்கிறது. அது எது என்பதைக் கீழ்க்காணும் முறையில் நாமே கண்டுபிடிக்கலாம்.

முதலில் நிறம் உருவாகும் விதத்தை அறிந்துகொள்ள வேண்டும். இந்தப் பறவையின் இறகில் பச்சை நிறமி என்று ஒன்று கிடையாது. இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறுவதால் நீலம் தோன்றுகிறது. அதன்மேல் மஞ்சள் நிறமி சேரும்போது நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. மஞ்சள் நிறமி உருவாகாவிட்டால் பறவை நீலமாகிறது. இதற்கு ஒரே மரபணுவில் நேர்ந்த சிறு மாற்றமே காரணம் என்று 2017-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். மெலனின் என்னும் கருநிறமி இல்லாவிட்டால் சிவப்புக் கண்ணுடைய மஞ்சள் பறவையான லூட்டினோவும், இரண்டு நிறமிகளும் இல்லாவிட்டால் வெள்ளை அல்பினோவும் கிடைக்கும்.

படி 1: பெற்றோரை உறுதி செய்தல். ஒரு கூண்டுக்கு ஒரு ஜோடி மட்டுமே இருக்க வேண்டும். பல ஜோடிகளை ஒரே பெரிய கூண்டில் விட்டுவிட்டுக் குஞ்சின் நிறத்தை ஆராய்வது வீண் வேலை. பெண் பறவையின் உடலில் முந்தைய ஆணின் விந்து சில நாட்கள் உயிர்ப்புடன் இருக்கும் என்பதால், புதிய ஆணுடன் சேர்ப்பதற்கு முன் அதை ஏறக்குறைய ஒரு மாதம் தனியே வைப்பது நல்லது. சித்திரை, வைகாசி வெயிலில் பானையை எடுத்துவிட்டு, ஆணையும் பெண்ணையும் பிரித்து ஓய்வு கொடுப்பவர்களுக்கு இந்த இடைவெளி தானாகவே அமைந்துவிடும்.

படி 2: பொரித்த அன்றே கண்ணைப் பார்த்தல். முட்டையிட்ட ஏறக்குறைய 18-ஆம் நாள் குஞ்சு பொரிக்கும். இமை மூடியிருந்தாலும் சாதாரணக் குஞ்சின் கண், மெல்லிய தோலுக்கு அடியில் கரும்புள்ளியாகப் புடைத்துத் தெரியும். லூட்டினோ, அல்பினோ குஞ்சுகளுக்கு அந்த இடம் இளஞ்சிவப்பாகவே இருக்கும். பெண் பறவை தினை கொத்த வெளியே வரும் நேரத்தில் பானைக்குள் ஒரு நொடி டார்ச் அடித்துப் பார்த்து, தேதியுடன் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வளர்ந்தபின் மஞ்சளாக இருக்கும் குஞ்சின் கண் கருப்பாக இருந்தால் அது லூட்டினோ அல்ல; பெற்றோர் இருவரும் ஸ்பேங்கிள் என்னும், சிறகுக் கோலம் மாறிய நிற வகையாக இருந்தால், அந்த மரபணு இருபக்கமிருந்தும் இரட்டையாகச் சேர்ந்த குஞ்சாக இருக்கலாம்.

படி 3: மரபு வழியைப் பிரித்தறிதல். குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. நீலம் ஒடுங்கு பண்பு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள் கிடைத்தால்தான் வெளிப்படும். ஆகவே பச்சை ஜோடிக்கு ஒரு நீலக் குஞ்சு பிறந்தாலே, ஆண், பெண் இரண்டும் நீலத்தை மறைத்து வைத்திருக்கின்றன என்பது உறுதி. வளர்ப்பவர்கள் ஸ்பிளிட் என்று சொல்வது இதைத்தான்.

லூட்டினோவின் கதை வேறு. அந்த மரபணு, ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் பால் குரோமோசோமான இசட்டில் அமைந்துள்ளது. பறவைகளில் ஆணுக்கு இசட் குரோமோசோம் இரண்டு, பெண்ணுக்கு ஒன்றுதான். ஒன்றே உள்ள பெண்ணால் எதையும் மறைத்து வைக்க முடியாது. அது லூட்டினோ மரபணுவைப் பெற்றிருந்தால் மஞ்சளாகவே இருக்கும். எனவே பச்சை ஜோடிக்குப் பிறந்த லூட்டினோ குஞ்சு கண்டிப்பாகப் பெண். அதற்கு அந்த மரபணுவைத் தந்தது தந்தை. மூக்கின் மேல்சதை நிறம் மாறும்வரை மாதக்கணக்கில் காத்திராமல், பொரித்த அன்றே ஆணா பெண்ணா என்று சொல்லிவிட முடிவது இந்த வளர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த வசதி. லூட்டினோ ஆணையும் பச்சைப் பெண்ணையும் சேர்த்தால் இன்னும் தெளிவு: மஞ்சள் குஞ்சுகள் எல்லாம் பெண், பச்சைக் குஞ்சுகள் எல்லாம் ஆண். ஓபலைன், சின்னமன் ஆகிய நிற வகைகளும் இதே வழியில்தான் வருகின்றன.

உண்மையிலேயே சந்தேகப்பட வேண்டிய இடமும் உண்டு. நீலமும் நீலமும் சேர்ந்த ஜோடிக்கு நல்ல பச்சைக் குஞ்சு பிறந்தால் தந்தை வேறு என்றே கொள்ள வேண்டும். ஆனால் நீலப் பறவைகளிலேயே முகம் மஞ்சளாக உள்ள வகைகளில் சில கடல்பச்சை போலத் தோன்றும் என்பதால், அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

படி 4: எண்ணிக்கையைப் புரிந்துகொள்ளுதல். இரண்டு ஸ்பிளிட் பறவைகளைச் சேர்த்தால் நான்கில் ஒன்று நீலம் என்பது ஒவ்வொரு முட்டைக்கும் தனித்தனியான வாய்ப்பு. நான்கு குஞ்சுகளில் ஒன்றுகூட நீலமாக இல்லாமல் போக ஏறத்தாழ 32 விழுக்காடு வாய்ப்புள்ளது. எட்டுக் குஞ்சுகளிலும் அதற்கு 10 விழுக்காடு உண்டு. ஒரே ஈட்டை வைத்து அந்த ஜோடியில் நீலம் இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

படி 5: அடுத்த ஜோடியைத் தேர்ந்தெடுத்தல். பச்சை ஆண் ஒன்று நீலத்தையும் லூட்டினோவையும் மறைத்து வைத்திருந்து, பெண் நீலத்துக்கு மட்டும் ஸ்பிளிட்டாக இருந்தால், பதினாறில் ஒரு குஞ்சு அல்பினோவாக வரலாம். அதை விரைவில் பெறுவதற்காக ஒரே ஈட்டுக் குஞ்சுகளைத் தமக்குள் சேர்ப்பது பலர் செய்யும் குறுக்குவழி. அப்படிச் செய்தால் மறைந்திருக்கும் குறைகளும் நிறத்தோடு சேர்ந்து வெளிவரும். மாறாக, அதே ஆணை உறவில்லாத நீலப் பெண்ணுடன் சேர்த்தால் வாய்ப்பு எட்டில் ஒன்றாக உயர்கிறது. அந்த நீலப் பெண்ணைப் பக்கத்து ஊர் வளர்ப்பாளரிடம் மாற்றிக்கொள்ளும்போது, உங்கள் பறவை எதற்கு ஸ்பிளிட் என்பதையும் அதன் பெற்றோரின் நிறத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, அவரிடமிருந்தும் அதே விவரங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.