பழைய பிரிட்டிஷ் பென்னியில் பிழைக்காசு தேடுவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு செய்முறை

பிழைக்காசு சேகரிக்கப் பழகுகிறவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது பிரிட்டனின் பழைய வெண்கலப் பென்னியை. 1860-ல் செம்புப் பென்னிக்குப் பதிலாக வந்தது. 1967 வரை தேதியிட்டுப் புழக்கத்துக்கு அச்சானது. விட்டம் ஏறக்குறைய 31 மி.மீ., எடை 9.4 கிராம். 240 பென்னி சேர்ந்தால் ஒரு பவுண்டு. 1971-ல் தசம முறை வந்தபின் செல்லாக்காசாகிவிட்டது. தேய்ந்த பென்னிகள் பிரிட்டனின் பழம்பொருள் சந்தைகளில் இன்றும் டப்பா டப்பாவாக, எடைக்குக்கூடக் கிடைக்கின்றன. காசு பெரியது என்பதால் கண்ணுக்கும் சிரமமில்லை.

எந்தக் காசைக் கையில் எடுத்தாலும் உங்களை நீங்களே கேட்க வேண்டியது ஒன்றுதான். இந்தக் கோளாறு நாணயச்சாலைக்குள் நடந்ததா, வெளியே வந்தபின் நடந்ததா? உள்ளே நடந்திருந்தால் பிழைக்காசு. வெளியே நடந்திருந்தால் அடிபட்ட காசு, அவ்வளவுதான். கீழே வரும் படிகள் எல்லாமே இந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வழிகள்.

படி 1: கருவிகள்

10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, ஒரு காந்தம், சாய்த்து வைக்கக்கூடிய மேசை விளக்கு. இவை போதும். வெளிச்சம் தலைக்கு மேலிருந்து விழக் கூடாது. பக்கவாட்டில் இருந்து விழுந்தால்தான் மேடு எது, பள்ளம் எது என்பது தெரியும். வெண்கலம் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் அது வேறு ஏதோ உலோகம், அதோடு அந்தக் காசை ஒதுக்கிவிடலாம்.

படி 2: பிழையில்லாத காசை முதலில் மனப்பாடம் செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் சாதாரணக் காசுக்கு அதிக விலை கொடுப்பவர்கள். பின்பக்கத்தில் பிரிட்டானியா என்ற பெண் உருவம் கேடயத்தோடும் திரிசூலத்தோடும் அமர்ந்திருக்கும். 1860 முதல் 1894 வரை அவளுக்கு ஒரு புறம் கலங்கரை விளக்கம், மறுபுறம் கப்பல். 1895-ல் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். 1937-ல் ஆறாம் ஜார்ஜ் காசில் கலங்கரை விளக்கம் மட்டும் திரும்பி வந்தது. ஆக, 1910 காசில் கலங்கரை விளக்கம் இல்லையே என்று துள்ளிக் குதிக்க ஒன்றுமில்லை.

தேதிக்குக் கீழே ஆங்கில 'எச்' இருந்தால் (1874, 1875, 1876, 1881, 1882) அது பர்மிங்காமின் ஹீட்டன் நிறுவனம் அச்சிட்டதற்கான முத்திரை. 1912, 1918, 1919 காசுகளில் அது தேதிக்கு இடப்பக்கம் இருக்கும். கடைசி இரண்டு ஆண்டுகளில் 'கே என்' என்றும் பார்க்கலாம். அது கிங்ஸ் நார்ட்டன் ஆலை. இவற்றில் சில அரிதானவை, ஆனால் பிழை கிடையாது.

ஐந்தாம் ஜார்ஜின் காசுகளில் இன்னொரு விசித்திரம். பிரிட்டானியாவுக்குப் பின்னால் மன்னரின் தலை நிழல்போல மங்கலாகத் தெரியும். தலை உருவம் மிகப் பெரியதாக இருந்ததால் உலோகத்தை அது இழுத்துக்கொண்டது, மறுபக்கம் நிரம்பவில்லை. சேகரிப்பாளர்கள் இதை 'பேய் உருவம்' என்பார்கள். நாணயச்சாலைக்கே இது பெரிய தலைவலி. உருவத்தைத் திருத்தி, 1928-ல் தலையைச் சிறிதாக்கிய பிறகுதான் தீர்ந்தது. ஏராளமாகக் கிடைப்பதால் தனி விலை இல்லை. 1944 முதல் 1946 வரையான காசுகள் கருத்திருப்பதும் அழுக்கல்ல, நாணயச்சாலையே அப்படிக் கருக்கி அனுப்பியது. தேய்த்துவிடாதீர்கள்.

படி 3: பிழை எங்கே பிறந்தது என்று கண்டுபிடியுங்கள்

முதல் இடம், வில்லை, அதாவது உருவம் பதியாத வெற்று உலோக வட்டு. பூரி மாவைத் தேய்த்து டப்பா மூடியால் வட்டம் வெட்டுவது போலத்தான் உலோகத் தகட்டிலிருந்து வில்லைகளை வெட்டுகிறார்கள். ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின்மேல் அடுத்த வெட்டு விழுந்தால் பிறை வடிவில் ஒரு துண்டு குறையும். அப்படிப்பட்ட காசில் வெட்டுக்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பும் பெரும்பாலும் மழுங்கியிருக்கும். பின்னால் யாரோ கத்தரித்த காசில் எதிர்ப்பக்கம் திடமாக நிற்கும். எடையும் 9.4 கிராமுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும்.

இரண்டாம் இடம், அச்சு, அதாவது வில்லையில் உருவத்தைப் பதிக்கும் கட்டை. சேகரிப்பின் சுவை எனக்கு இங்கேதான். ஒரு விதியை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அச்சில் பள்ளமாக இருப்பது காசில் மேடாக வரும். அச்சு விரிசல் விட்டால் அந்த விரிசலுக்குள் உலோகம் புகுந்து, காசின் மேல் மெல்லிய மேட்டுக் கோடாக நிற்கும். பள்ளமான கோடு என்றால் அநேகமாகக் கீறல். விளிம்போரம் அச்சு உடைந்து விழுந்திருந்தால் அந்த இடத்தில் உருவமே இல்லாத ஒரு உலோகக் கட்டி தெரியும். எழுத்தின் பள்ளத்தில் எண்ணெயும் தூசியும் அடைத்துக்கொண்டால் காசில் அந்த எழுத்து மங்கும், சில சமயம் முழுதாகக் காணாமலும் போகும். பக்கத்து எழுத்துகள் கூர்மையாக இருக்க ஒன்று மட்டும் மங்கியிருந்தால் அடைப்பு. எல்லாமே மங்கியிருந்தால் வெறும் தேய்மானம்.

அச்சுப் பிழையில் ஒரு வசதி உண்டு. அதே அச்சில் விழுந்த மற்ற காசுகளிலும் அதே குறை, அதே இடத்தில் இருக்கும். சந்தேகம் வந்தால் அதே ஆண்டின் இன்னொரு காசையோ அதன் படத்தையோ தேடுங்கள். விரிசல் ஒன்றில் சிறிதாகவும் மற்றொன்றில் நீண்டும் இருந்தால் இன்னும் மகிழ்ச்சி, அச்சு உடைந்துகொண்டே போன கதையை வரிசையாக அடுக்கிவைக்கலாம்.

மூன்றாம் இடம், அடி. வில்லை நகர்ந்து உருவம் ஓரமாக விழுவது, இரண்டு முறை அடிபடுவது போன்றவை. இதில் பேர்போனது, முன்பு அடித்த காசு அச்சில் ஒட்டிக்கொண்டு, அடுத்த வில்லையில் அதே உருவம் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறிக் குழிந்து பதிவது. போலியும் இதில்தான் அதிகம். இரண்டு காசுகளை இடுக்கிப் பட்டறையில் வைத்து நெருக்கினாலும் குழிந்த பிம்பம் வரும். ஆனால் அப்போது அடியில் இருக்கும் பழைய உருவத்தின் மிச்சம் தெரியும், பிம்பமும் அரைகுறையாக இருக்கும். இருபக்கமும் தலை இருக்கும் பென்னி என்று யாராவது நீட்டினால் விளிம்பின் உள்பக்கம் வட்டமாக ஓடும் இணைப்புக் கோட்டைத் தேடுங்கள். அவை வித்தை காட்டுவதற்காகக் குடைந்து பொருத்தியவை.

படி 4: தேட வேண்டிய காசுகள்

பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் 'ஒன் பென்னி' (ONE PENNY) என்றிருக்கும். 1897 காசில் 'ஒன்' என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே ஒரு புள்ளி. 1946-ல் அதே சொல்லுக்குப் பின்னால் மேற்கோள் குறிபோல ஒரு துளி. இரண்டும் அச்சுக் கோளாறுகள், பட்டியல்களில் இடம்பிடித்தவை. 1860-ல் அதே சொல்லின் கடைசி எழுத்து அடிக்கோட்டை இழந்து 'எஃப்' ஆகிப்போனதும் உண்டு.

இவற்றோடு அச்சு வேறுபாடுகளையும் பாருங்கள். கண்டிப்பாகச் சொன்னால் இவை பிழையல்ல, ஆனாலும் எல்லோரும் சேர்த்தே தேடுவார்கள். 1895-ல் திரிசூலத்துக்கும் 'பென்னி'யின் முதல் எழுத்துக்கும் இடைவெளி வழக்கமாக 1 மி.மீ., அரிய வகையில் 2 மி.மீ. 1902-ல் பிரிட்டானியாவின் பின்னால் உள்ள கடல் கோடு தாழ்ந்திருந்தால் அது 'தாழ் அலை' வகை. 1926-ல் மன்னரின் கழுத்தடியில் உள்ள 'பி எம்' எழுத்துகள், அதாவது சிற்பி பெர்ட்ராம் மெக்கென்னலின் முதலெழுத்துகள், புள்ளியில்லாமல் வலப்பக்கம் தள்ளியிருந்தால் அது திருத்திய உருவம். நல்ல நிலையில் கிடைத்தால் விடாதீர்கள். வியாபாரிகள் 'எஃப்' போட்டு ஓர் எண் சொன்னால் அது வெண்கலக் காசுகளைப் பட்டியலிட்ட ஃப்ரீமன் என்பவர் வகுத்த எண். தலைப்பக்க அச்சும் பின்பக்க அச்சும் சேரும் ஒவ்வொரு ஜோடிக்கும் தனி எண் உண்டு.

1933 பென்னியைப் பற்றிக் கனவு வேண்டாம். ஒரு கை விரல்களைத் தாண்டிச் சற்றே எண்ணும் அளவுக்குத்தான் இருக்கின்றன. சந்தையில் காட்டப்படுவது நகலாகவோ தேதி திருத்தியதாகவோதான் இருக்கும்.

படி 5: வாங்குதல்

தொடக்கத்தில் கிலோ கணக்கில் தேய்ந்த காசு வாங்குங்கள். கிலோவுக்கு 106-க்குக் குறையாமல் வரும், கண் பழக அதுதான் பள்ளிக்கூடம். இணைய ஏலத்தில் 'அரிய பிழை' என்ற தலைப்பைப் படிக்காமல் படத்தை மட்டும் பாருங்கள். இருபக்கமும் விளிம்பும் தெளிவாகத் தெரியாத படத்துக்குப் பணம் கட்ட வேண்டாம்.

படி 6: பாதுகாத்தல்

புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ் எதுவும் காசின் பக்கத்தில் வரக் கூடாது. வெண்கலத்தின் பழுப்பு மேற்பூச்சு போய்விட்டால் விலையும் போய்விடும். ஒட்டியிருக்கும் மண்ணைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து ஒற்றி எடுங்கள். விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். பி.வி.சி. உறைகள் பச்சைப் படலத்தை உண்டாக்கும். மைலார் எனும் பாலியெஸ்டர் உறையோ அமிலமில்லாத காகித உறையோ நல்லது. சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவையுங்கள்.

ஒவ்வொரு உறையிலும் ஆண்டு, எடை, கொடுத்த விலை, குறை இருக்கும் இடம் ஆகியவற்றை எழுதுங்கள். இடத்தைக் கடிகார முள்போலக் குறிப்பது வழக்கம்: 'பின்பக்கம், 4 மணி, விரிசல்'. காசை எடுத்துவிட்டு, பென்சிலால் எழுதுங்கள். நீங்கள் முதலில் சொன்ன அடையாளம் பின்னால் மாறக்கூடும்.