டைப் 2 சர்க்கரை நோய்: தட்டு, நோட்டு, ஒரு கூட்டாளி

சர்க்கரை நோய் என்று தெரிந்த மறுநாளே, எதைத் தின்னலாம் எதைத் தொடக்கூடாது என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் தருவார்கள். அதையெல்லாம் ஓரமாக வையுங்கள். ஒரே உணவு எல்லார் உடம்பிலும் ஒரே அளவுக்குச் சர்க்கரையை ஏற்றுவதில்லை. உங்களுக்கு என்ன ஆகிறது என்று நீங்களே அளந்து பார்ப்பதுதான் வழி.

படி 1: முதலில் மருத்துவர்

உணவை மாற்றும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: என் இலக்கு எவ்வளவு? நான் எடுக்கும் மருந்து சர்க்கரையை ரொம்ப இறக்கிவிடுமா?

கர்ப்பிணி அல்லாத பெரியவர்கள் பலருக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180க்குள் (டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்), எச்பிஏ1சி (2, 3 மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7 சதவீதத்துக்குள் என்பது பொதுவான இலக்கு. முதியவர்களுக்கு இதைத் தளர்த்துவது உண்டு.

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்துபோவது அரிது. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் மாவுச்சத்தைச் சட்டென்று குறைத்தால் 70க்குக் கீழே இறங்கிவிடலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலம்) கூடும் ஆபத்து இருக்கிறது. ஆகவே மருந்தின் அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

படி 2: தட்டைப் பிரியுங்கள்

சுமார் 9 அங்குலத் தட்டு போதும். பாதியில் கீரையும் காய்கறியும். கால் பங்கு பயறு, முட்டை, மீன் போன்ற புரதம். மிச்சமுள்ள காலில்தான் தானியம். உருளைக்கிழங்கு காய்க் கணக்கில் வராது, தானியத்தின் இடத்தைத்தான் அது பிடிக்கும். காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு, தானியத்தைக் கடைசியில் சாப்பிட்டால் பலருக்கு ஏற்றம் குறைகிறது. பழத்தைக் கடித்துத் தின்னுங்கள், சாறாக்க வேண்டாம்.

படி 3: ஜோடியாக அளந்து எழுதுங்கள்

காலையில் ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டால் சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. விடியற்காலையில் கல்லீரலே குளுக்கோஸை வெளியே விடும். காலை அளவு கூடினால் இரவுச் சாப்பாடுதான் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது.

விரலில் குத்தி அளக்கும் குளுக்கோமீட்டரில், முதல் வாய்க்கு முன் ஓர் அளவு, அதிலிருந்து 2 மணி நேரம் கழித்து இன்னோர் அளவு எடுங்கள். பழம் தொட்ட விரலில் குத்தினால் பொய்யாகக் கூட்டிக் காட்டும் என்பதால் கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் குத்த வேண்டும். உதாரணமாக, முன் 118, பின் 196 என்றால் ஏற்றம் 78. இன்னொரு நாள் அதே சாப்பாட்டில் தானியத்தை மட்டும் பாதியாக்கிப் பாருங்கள். வேறொரு நாள், அளவைக் குறைக்காமல், சாப்பிட்டதும் 15 நிமிடம் நடந்து பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. கருவியில் செருகும் ஸ்ட்ரிப் தீர்ந்துபோகுமே என்றால், தினமும் வேண்டாம். உங்களுக்குச் சந்தேகமுள்ள ஒரு வேளையை மட்டும் சோதியுங்கள்.

படி 4: கூட்டாளி

இதே நோயுள்ள ஒருவர், அல்லது மூன்று நான்கு பேர். பெரிய கூட்டத்தைவிட இதுவே எனக்குப் பிடிக்கும். கூட்டத்தில் நன்றாக இறங்கிய எண்ணைத்தான் எல்லாரும் சொல்வார்கள்.

வாரம் ஒருமுறை நோட்டைப் பரிமாறுங்கள். எண்ணை மட்டும் சொல்லாமல் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு, தூக்கம் எப்படி என்பதையும் சொல்லுங்கள். 240 வந்தாலும் அதட்டக் கூடாது என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். திட்டு வாங்குபவர் அடுத்த வாரம் எண்ணை மறைப்பார், அப்புறம் இந்த ஏற்பாட்டுக்கே பொருளில்லை. விருந்துக்குப் போகும் முன் ஒரு போன் போட்டுப் பேசுவது நிஜமாகவே உதவும்.

மருந்து மட்டும் பேச்சில் வரக்கூடாது. “நான் மாத்திரையை நிறுத்திட்டேன், நீங்களும் நிறுத்துங்க” என்பவரிடம் சமையல் குறிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 5: தாழ்ந்துபோனால்

நடுக்கம், வியர்வை, குழப்பம் வந்து அளவு 70க்குக் கீழே இருந்தால், 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்கவும். ஏறவில்லையென்றால் திரும்பவும் அதே அளவு. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே அவசர உதவியை அழைக்க வேண்டும். இதைக் கூட்டாளிக்கும் வீட்டாருக்கும் சொல்லிவையுங்கள்.

எச்பிஏ1சி கடந்த 2, 3 மாதச் சராசரியைக் காட்டுவது. அதனால் 3 மாதம் கழித்து எடுங்கள், மருத்துவரிடம் போகும்போது நோட்டையும் கொண்டுபோங்கள்.