மாடியில் சூரியகாந்திக் கலப்பு: உப்புத் தண்ணீர் தாங்கும் விதையை நாமே எடுக்கலாம்

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் மாடித்தோட்டம் போடுகிறவர்களுக்குப் பெரிய தலைவலி உப்பான போர் தண்ணீர்தான். பாக்கெட்டில் வரும் சூரியகாந்தி விதை நல்ல தண்ணீரில் வளர்ந்த செடியினுடையது. நம் தண்ணீர் பட்டால் அடி இலை ஓரம் கருகும், பூக்கொண்டை சிறுத்துவிடும். இரண்டு ரகங்களைக் கலந்து, அதில் வரும் பிள்ளைச் செடிகளை நம் தண்ணீரிலேயே வளர்த்து, தாக்குப்பிடிப்பதில் விதை எடுப்பதுதான் வழி.

பை நிரப்புவது, விதை ஊன்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தை மாதத்தில் விதையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பூத்தால் மழையில் மகரந்தம் நனைந்து வேலைக்கு ஆகாது.

எதை எதோடு கலப்பது?

தாயாக எலுமிச்சை மஞ்சள் இதழ் ரகம், தந்தையாக வழக்கமான ஆரஞ்சு மஞ்சள் ரகம். எலுமிச்சை நிறம் ஒடுங்கு பண்பு, அதாவது ஆரஞ்சோடு கலந்தால் வெளியே தெரியாது. கலப்பு ஒட்டியிருந்தால் பிள்ளைச் செடி ஆரஞ்சில் பூக்கும். எலுமிச்சையில் பூத்தால் தாய் தன் மகரந்தத்திலேயே விதை பிடித்துவிட்டது என்று அர்த்தம், பிடுங்கி எறியலாம். தந்தைக்கு நான் சொல்வது மார்டன். குட்டை ரகம் என்பதால் கடற்காற்றில் சாயாது.

அலங்காரத்துக்கு விற்கும் மகரந்தமில்லாத ரகத்தைத் தாயாக வைத்தால் வேலை பாதியாகக் குறையுமே என்று தோன்றும். ஆனால் மகரந்தம் உண்டாகாத அந்த ஆண்மலட்டுத்தன்மை தாய் வழியாகப் பிள்ளைக்கும் வரும். அதைச் சரிசெய்யும் மரபணு தந்தையிடம் இல்லாவிட்டால் அடுத்த தலைமுறையும் மகரந்தமில்லாமல் நிற்கும். 1969-இல் பிரான்ஸில் லெக்லெர்க் என்ற விஞ்ஞானி கண்டறிந்த அந்த மலட்டுத்தன்மையை வைத்துத்தான் உலகம் முழுக்க வீரிய ஒட்டு விதை தயாரிக்கிறார்கள். இந்தியாவின் முதல் சூரியகாந்தி வீரிய ஒட்டு பிஎஸ்எச்-1 வந்தது 1980-இல். கம்பெனிக்கு அது வரம், நமக்கு வேண்டாத சிக்கல்.

ஆண்மை நீக்கம் (தாய்ப் பூவின் மகரந்தப்பைகளை எடுத்துவிடுவது): இங்கே நிதானம் வேண்டும்

சூரியகாந்தி என்பது ஒரு பூ அல்ல, நூற்றுக்கணக்கான சிறுபூக்கள் சேர்ந்த கொண்டை. ஓரத்துப் பெரிய இதழ்களில் விதை பிடிக்காது. நடுவட்டின் சிறுபூக்கள் ஓரத்திலிருந்து உள்நோக்கி, நாளுக்கு ஒன்றிரண்டு வரிசையாக விரியும். ஒவ்வொன்றிலும் ஐந்து மகரந்தப்பைகள் ஒட்டிக் கருங்குழலாக முதலில் மேலே வரும். அந்தக் குழலுக்குள்ளிருந்து சூல்தண்டு மகரந்தத்தைத் தள்ளிக்கொண்டு ஏறும், சூல்முடி பிறகுதான் பிரியும். இந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

கொண்டை விரியும் முன்பே தாய், தந்தை இரண்டுக்கும் துணிப்பை கட்டிவிடுங்கள். பாலித்தீன் வேண்டவே வேண்டாம், உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மல் துணி வாங்கித் தைத்தால் போதும்.

முதல் வரிசை விரியும் நாள் விடிவதற்குள் மாடிக்குப் போங்கள். வெயில் ஏறினால் குழல் வெடித்து மஞ்சள் தூள் கொட்டிவிடும். கூர்நுனி இடுக்கியால் குழலின் மேல் நுனியைப் பிடித்து நேராக மேலே இழுத்தால் முழுசாக வந்துவிடும். பக்கவாட்டில் இழுத்தால் உள்ளே இருக்கும் சூல்தண்டும் ஒடியும். புருவம் திருத்தும் ப்ளக்கர் இதற்குத் தடிமன், வாட்ச் ரிப்பேர் செய்பவர்கள் வைத்திருக்கும் இடுக்கிதான் சரி. முழுக் கொண்டையையும் செய்ய ஆசைப்படாதீர்கள். ஓரத்து மூன்று வரிசைகளை, விரியும் நாளுக்கு நாள் செய்துவிட்டு, நடுவில் மிச்சமிருக்கும் மொட்டுகளை பிளேடால் சீவி எடுத்துவிடுங்கள். தப்பிய மகரந்தம் இருந்தால் தண்ணீர் தெளித்துக் கழுவி, உலரவிட்டுப் பையை மாட்டுங்கள்.

மகரந்தம் சேர்த்தல்

சூல்முடி இரண்டாகப் பிரிந்து சுருண்டதும் தந்தைக் கொண்டையைத் தாளில் தட்டி, தூளை பிரஷ்ஷால் தடவுங்கள். கடலோரக் காலை ஈரத்தில் மகரந்தம் கட்டிகட்டியாக இருக்கும், எட்டரை மணிக்கு மேல் உலர்ந்ததும் தொடுங்கள். அடுத்தடுத்து இரண்டு மூன்று காலை தடவினால் பொக்கு குறையும்.

தேர்வு

முதல் தலைமுறை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், எலுமிச்சையில் பூத்ததைப் பிடுங்கியது போக அதில் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். சகோதரச் செடிகளின் கொண்டைகளை ஒன்றோடொன்று தேய்த்து விதை எடுங்கள். இரண்டாம் தலைமுறையில்தான் குணங்கள் சிதறும். இடம் உள்ளவரை நிறைய விதையுங்கள்.

முளைக்க மெட்ரோ வாட்டர். நாலு ஜோடி இலை வந்ததும் போர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். ஊற்றும்போதெல்லாம் பையின் அடியில் தண்ணீர் வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் உப்பு தங்கித் தங்கி, தாங்கும் செடி, தாங்காத செடி எல்லாமே ஒன்றாகச் சாகும். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று கையில் இருக்கட்டும். எல்லாப் பையும் ஒரே அளவு, நடுநடுவே ஒப்பிட மார்டனும் வைக்க வேண்டும். மூலைப் பைக்கு வெயில் கூடுதலாகக் கிடைக்கும், அதன் வாட்டசாட்டத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கலப்பில் பெற்றோரை மிஞ்சும் பிள்ளை வருமா என்றால், வரும். அமெரிக்காவின் டெக்சஸ், நியூ மெக்சிகோ உப்புச் சதுப்புகளில் வளரும் ஒரு காட்டுச் சூரியகாந்தி இனம், உப்பில் நிற்காத இரண்டு இனங்கள் இயற்கையாகக் கலந்து பிறந்ததுதான்.

தேறிய கொண்டையின் விதையை முழுதாக விதைக்காதீர்கள். பாதியை விதைத்துப் பார்த்து, எந்தக் கொண்டையின் பிள்ளைகள் தேறினவோ அதன் மீதி விதையை எடுப்பது ரஷ்யாவில் சூரியகாந்தி ரகங்களை உருவாக்கிய விஞ்ஞானி புஸ்தோவோயித் கையாண்ட முறை. இப்படித் தேர்ந்தெடுத்தே எண்ணெய்ச் சத்தை ஐம்பது சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனார்.

பின்சேர்க்கை

"அறுத்த விதையை உடனே ஊன்றினேன், முளைக்கவில்லை" என்று சிலர் எழுதியிருந்தார்கள். புது விதைக்கு ஒன்றரை மாதம் போல உறக்கம் உண்டு, பொறுங்கள். விதையைக் கொத்தும் கிளிக்கு வலைதான் மருந்து.

வெண்டையிலும் செய்யலாமா என்றும் கேட்டார்கள். தாராளமாக, இதைவிடச் சுலபம். மறுநாள் விரியப்போகும் மொட்டின் உறையை முந்தைய மாலை கீறி, மகரந்தப்பைகளைச் சுரண்டிவிட்டு உறை போடுங்கள். காலையில் தந்தைப் பூவைப் பறித்துத் தேய்த்தால் முடிந்தது. மஞ்சள் நரம்பு நோய் தொல்லை இருந்தால் தந்தையாக அர்கா அனாமிகா என்ற வெண்டை ரகம். அதன் எதிர்ப்புச்சக்தி காட்டு வெண்டையிலிருந்து வந்தது.